எக்ஸ்ரேயில் காணாமல் போன மணிகள்

எனக்கு எழுபத்தொரு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். நான் சொல்லப்போவது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தஞ்சாவூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில், சம்பா நடவு முடிந்திருந்த சமயத்தில் நடந்தது.

கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தலைமுறையாகச் சாகுபடி செய்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டுக்காரர் காலமான பின் குத்தகை என் பேருக்கு வந்தது. குத்தகைக்காரர் தானே வயலில் இறங்கி உழைக்க வேண்டும் என்பது சட்டம். பொம்பளை எங்கே உழைக்கிறாள் என்று சொல்லியே அந்த நிலத்தைப் பிடுங்கப் பார்த்தார் ஊரில் செல்வாக்குள்ள ஒருவர். ஆட்சி மாறி மாறி வந்தும், அதை எதிர்த்து நாங்கள் கொடுத்த மனு மட்டும் நகரவில்லை. ஒருநாள் அவருடைய ஆட்கள் நட்ட வயலிலேயே டிராக்டரை இறக்கினார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். தள்ளுமுள்ளில் மதகுச் சுவரில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. டிராக்டர் திரும்பிப் போய்விட்டது. ஆனால் புண்ணுக்குள் சேறு போயிருந்தது.

கம்பி வைத்தும் எலும்புக்குள் சீழ் பிடித்துக்கொண்டது. ஊசி, மாத்திரை எதற்கும் அடங்கவில்லை. காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். கால் போனால் நிலமும் போகும், அதுதான் என் கவலை.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மா, கடைசியாக ஒன்று செய்து பார்ப்போம் என்றார். கெட்ட எலும்பைச் சுரண்டிவிட்டு, அந்தக் குழியில் சுண்ணாம்புச் சத்தும் சீழுக்கான மருந்தும் கலந்து செய்த சின்னச் சின்ன மணிகளை வைத்தார். எக்ஸ்ரேயில் அவை முத்துக் கோத்தது போலத் தெரிந்தன. என் தம்பி அந்தப் படத்தைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான்.

வீட்டுக்கு வந்து சில வாரத்தில் கட்டு நனைந்து, வெள்ளையாக ஏதோ கசிந்தது. திரும்பவும் சீழ்தான் என்று தம்பி அழுதேவிட்டான்.

"பிடிவாதம் பிடிக்காதக்கா. காலு போனா போவுது, நீ இருக்கணும்."

மனசுக்குள் நிலத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மறுபடி படம் எடுத்தார்கள். மணிகள் முக்கால்வாசி காணோம். தம்பிக்கு அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது.

"வச்சதையே காணோமே, எடுத்துட்டீங்களா?"

"எடுக்கணும்னா திரும்ப அறுக்கணுமே. அறுத்தோமா?" என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அவரும் விவசாய வீட்டுப் பெண்தான். "பெரியம்மா, தக்கைப்பூண்டை மடக்கி உழுதுட்டு, அப்புறம் அது எங்க போச்சுன்னு தேடுவீங்களா?"

தேட மாட்டோம். மண்ணோடு மட்கினால்தான் பயிருக்கு உரம். இந்த மணிகளும் கரையக் கரைய மருந்தை விடுமாம், அந்த இடத்தில் எலும்பு வளருமாம். கசிந்தது அது கரைகிற தண்ணீர்தான், சீழ் இல்லை என்று பார்த்துச் சொன்னார். தம்பி அந்தப் பழைய படத்தைப் புதுப் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தான்.

அடுத்த சம்பாவுக்கு நான் நாற்றுமுடியோடு வயலில் இறங்கினேன். எங்கள் மனுவை விசாரிக்க வந்த அதிகாரி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குத்தகை இன்றைக்கும் என் பேரில்தான் இருக்கிறது.

மழைநாளில் அந்த இடம் வலித்தால் தடவிப் பார்ப்பேன். எது அவர்கள் வைத்தது, எது என் எலும்பு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது; கண்ணுக்குத் தெரியாமல் போனதெல்லாம் இல்லாமல் போனதாகாது என்று அப்போது நினைத்துக்கொள்வேன். எழுத்துக் கூட்டித்தான் இவ்வளவும் எழுதினேன். "சத்தமா ஒருதரம் படிடி, தப்பிருந்தா நானே திருத்திக்கிறேன்" என்று பேத்தியிடம் கொடுத்திருக்கிறேன்.