ஆட்டுக்குப் பத்து மாதம்

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பகல் பதினோரு மணிக்கு என் போன் ஒரு தடவை ‘டிங்’ என்னும். தொடர்கதையின் அடுத்த அத்தியாயம் வந்துவிட்டது என்று அர்த்தம். கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுத் தோட்டத்து ஓரக் கருவேல நிழலில் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு நாற்பத்தாறு வயது. அபிராமத்துக்குப் பக்கத்தில் நானும் வீட்டுக்காரரும் ஒன்றரை ஏக்கரில் குண்டு மிளகாய் போடுகிறோம். கதை படிக்கிற ஆப்பை மகள் ஏற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் அதிலேயே கிடந்தேன்.

அந்தக் கதையின் நாயகி எங்கள் பக்கத்துப் பெண். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, மாமியாரை வைத்துக்கொண்டு, ஒரு மிளகாய்த் தோட்டத்துக்காகப் பங்காளிகளோடு மல்லுக்கட்டுகிறவள். அவள் அழுத அன்றைக்கு எங்கள் வீட்டில் வெறும் ரசம்தான். அவள் ஜெயித்தால் வீட்டுக்காரருக்கு அப்பளமும் கிடைக்கும். எழுதுகிறவர் ஒரு பெண் என்பதைத் தவிர எதுவும் தெரியாது. முகத்துக்குப் பதில் ஒரு பூப் படம் இருக்கும்.

இவ்வளவு பிரியம் வைத்த கதையில், ஐப்பசி மாதத்து அடைமழையில் அவள் மிளகாய்ப் பழம் பறித்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. புரட்டாசி, ஐப்பசியில்தான் நாங்கள் விதையே போடுவோம். பழம் கைக்கு வர மாசி ஆகும். எழுத்து எழுத்தாகத் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது. மைக் படத்தை அமுக்கிப் பேசினால் போனே எழுதிக்கொள்ளும். அப்படித்தான் என் முதல் கமெண்ட் போனது: “ஐப்பசியில பழம் எங்கிட்டு இருந்து வந்துச்சு? கடையில வாங்கிச் செடியில ஒட்டுனாளா?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வாரம் அவள் ராமநாதபுரத்தில் பஸ் ஏறி, பாம்பன் பாலத்தில் கடல் காற்று வாங்கிவிட்டு, உச்சிப்புளியில் இறங்கினாள். உச்சிப்புளி பாலத்துக்கு இங்கிட்டே இருக்கிறது. பஸ் திரும்பி வந்ததா என்று கேட்டேன். அப்புறம் அந்த ஆடு. ஆனியில் சினையான ஆடு சித்திரையில் குட்டி போட்டது. “பத்து மாசம் சொமக்க அது என்ன ஆடா, மருமகளா? ஆடு அஞ்சு மாசத்துல போட்டுரும்.”

மற்ற வாசகிகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. “பிடிக்கலைன்னா படிக்காதீங்க சிஸ்” என்றாள் ஒருத்தி. “ஓசியில படிச்சிட்டு இவ்வளவு பேச்சா?” என்றாள் இன்னொருத்தி. “முதல்ல நீங்க ஒரு கதை எழுதிக் காட்டுங்க.” “பொறாமை.” ரசிகைகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதிலிருந்தும் என்னைத் தூக்கிவிட்டார்கள்.

பொறாமையாம். அந்தப் பெண்ணின் நிலத்து வழக்கு ஜெயிக்க வேண்டுமென்று தேவிபட்டினம் போய்க் கடலுக்குள் இருக்கிற நவபாஷாண நவக்கிரகங்களைச் சுற்றி வந்தவள் நான். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் அய்யர். கதையில் வருகிற பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டபோது மாட்டிக்கொண்டேன். அறுபது அத்தியாயத்தில் அது எங்கேயும் வரவில்லை. என் நட்சத்திரத்தையே கொடுத்துவிட்டு வந்தேன். நாயகிக்கு ஒரு நட்சத்திரம் வைக்கக்கூடவா எழுதுகிறவருக்குத் தெரியாது என்று அதற்கும் ஒரு கமெண்ட் போட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். “ஆடு அஞ்சு மாசம் கூட இருந்தா ஒனக்கென்ன? எழுதிட்டுப் போகட்டும், பாவம்” என்றார். அவர் அப்படித்தான். எது வைத்தாலும் நல்லாருக்கு என்பார். ஒருநாள் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அன்றைக்கும் தலை நிமிராமல் நல்லாருக்கு என்றுதான் சொன்னார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அத்தியாயத்துக்குப் பதிலாக நாலு வரி வந்தது. ‘சிலருடைய வார்த்தைகள் காயப்படுத்துகின்றன. கதையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.’ கீழே இருந்த கமெண்ட் எல்லாம் என்னைத்தான் சொன்னது. அந்தக் கதை நின்றால் என்னைவிட யாருக்கு நஷ்டம்? மைக்கை அமுக்கி, அழுகையோடு அழுகையாக, “மன்னிச்சுக்கங்க தாயி, ஒங்க கதை எனக்கு உசுரு” என்று சொல்லி அனுப்பிவிட்டுக் களை எடுக்கப் போனேன்.

சாயங்காலம் போனைத் திறந்தால் திட்டு மழை. ‘என்ன கொழுப்பு இவங்களுக்கு!’ ஒன்றும் புரியாமல் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் நிதானமாகப் படித்தார்.

“இங்கேரு. ‘ஒங்க கதை எனக்குக் கொசுறு’ன்னுல்ல போட்டிருக்க?”

உசுரு என்று நான் சொன்னதைக் காய்கறிக் கடைக் கொசுறு ஆக்கியிருந்தது அந்தப் பாவிப் போன். பயத்தில் எழுதுகிறவருக்குத் தனியாக என் நம்பரை மட்டும் அனுப்பினேன். பேசி அனுப்ப வாய் வரவில்லை.

நாலு நாள் கழித்து, மருந்தடித்துக்கொண்டிருக்கும்போது புது நம்பரில் இருந்து அழைப்பு வந்தது.

“ஏனுங்க, கொசுறு அக்காங்களா?”

“உசுருன்னுதான் சொன்னேன் தாயி! போன்தான் கொசுறுன்னு போட்டுருச்சு.”

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். திருப்பூராம். வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டுத் தைக்கிறாராம். மிளகாய்ச் செடியை நேரில் பார்த்ததே இல்லையாம்.

“பெறகு எதுக்குத் தாயி எங்க ஊரை எழுதுனீங்க?”

“முன்ன கம்பெனியில என் பக்கத்து மெஷின்ல உங்கூரு அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க பேசுறது அவ்வளவு புடிக்குமுங்க. அதுதான்.” பிறகு அவரே கேட்டார். “ஒண்ணு சொல்லட்டுங்களா? நாப்பதாவது அத்தியாயத்துல அவளோட தம்பிய மறந்தாப்புல அண்ணன்னு எழுதிப்போட்டேன். எல்லாரும் சூப்பர்னு ஹார்ட் போட்டாங்க. ஒருத்தரும் கேக்கலீங்க. நீங்ககூடக் கேக்கலீங்களே?”

“நான் பாத்தேன். அன்னைக்கு வேற ஒரு தப்பைச் சொல்லிக் கமெண்ட் போட்டிருந்தேன். ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்னு விட்டுட்டேன்.”

மறுபடி சிரித்தார். அப்புறம் குரல் மாறியது. “இத்தனையும் படிச்சிருக்கீங்க. ஒரு தடவைகூட நல்லாருக்குன்னு சொல்லலீங்களே அக்கா.”

“நல்லாருந்தா அழுதேன்ல?”

“அது எனக்கெப்படிங்க தெரியும்?”

விடாமல் படிக்கிறேனே, அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மருந்து டேங்க் முதுகில் கனத்தது. இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து, விதை போடுவதில் இருந்து களத்தில் காயப்போடுவது வரை ஒரு மணி நேரம் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கதை திரும்ப வந்தது. முழுக்க மிளகாய். விதை, களை, மருந்து, பறிப்பு, களம், மூட்டை. ஒரு தப்பு கிடையாது. ‘செம’ என்று எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்குப் பாதியிலேயே கொட்டாவி வந்தது. இதைப் படிக்கிற நேரத்தில் நாலு பாத்தி களை எடுத்திருக்கலாம். மனசு கேட்காமல் போன் போட்டேன்.

“எல்லாம் சரியா இருக்கு தாயி. கதையத்தான் காணோம்.”

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

“உங்கள என்ன பண்றதுன்னே தெரியலீங்க அக்கா” என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை டிங் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. அதில் மிளகாய் மூன்று வரிதான். மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொண்டு, ஒரே வரிசையில் நாள் பூராவும் பேசாமல் பழம் பறிக்கிறார்கள். வெயில் சாயும்போது மாமியார் தன் தூக்குச்சட்டியை ஒன்றும் சொல்லாமல் மருமகள் பக்கம் தள்ளி வைக்கிறாள். அவ்வளவுதான் அத்தியாயம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். ‘நல்லா இருக்கு தாயி. ரொம்ப நல்லா இருக்கு.’

உடனே ஒருத்தி கேட்டாள்: ‘அக்கா, உங்க போனை யாராச்சும் திருடிட்டாங்களா?’

அந்த அத்தியாயத்தில் ஒரு சின்னத் தப்பும் இருந்தது. அதைக் கமெண்டில் போடவில்லை. இரண்டு நாள் பொறுத்து, ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டேன்.

“சொல்லுங்க அக்கா, பேனா எடுத்துட்டேன்” என்றார்.