அக்காவின் பத்து மணிக் கூட்டம்

என் அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் போர்வை துவைத்தவள். மாமா போன பிறகு என்னோடு வந்து சேர்ந்தாள். பென்சில் பிடித்தது ஐந்தாம் வகுப்போடு சரி. அறுபத்து நாலு வயதில், போனில் விரலால் படம் வரைய ஆரம்பித்தாள்.

கூட வேலை பார்த்த ஒருத்தி அவளை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். முப்பது பேர், எல்லாம் அறுபதைத் தாண்டியதுகள். பாதிப் பேர் முகத்தை அக்கா பார்த்ததுகூட இல்லை. ரிட்டயரான டீச்சர் ஒருத்தி காலை பத்து மணிக்கு ஒரு சொல் கொடுப்பாள். குடை என்றால் எல்லாரும் குடை வரைந்து அனுப்ப வேண்டும். அப்புறம் ஒரே பேச்சுதான். டெய்லர் ஒருவர் அனுப்பிய யானையை, "காது வச்ச தலகாணி" என்று அக்கா சொல்லிவிட்டாள். உறை தைத்துத் தரவா என்று அவர் கேட்டாராம். இரண்டு நாள் சிரித்தாள். அதுவரை அவள் யாரையும் கிண்டல் பண்ணி நான் பார்த்ததில்லை.

எனக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. விடியுமுன் போய், ஒன்பதரைக்கு வந்து படுப்பேன். வீடு ஒரே அறை. கண் அசருகிற நேரம் பார்த்து அந்தப் போன் டொய்ங் டொய்ங் என்று ஆரம்பிக்கும். ஒரு நாள் அக்கா குளிக்கப் போயிருந்தாள். சத்தம் நிற்கவில்லை. எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, போனை எடுத்து மைக்கை அழுத்திக் கத்திவிட்டேன்.

"சாகப்போற வயசுல என்னய்யா படம் வேண்டியிருக்கு உங்களுக்கு? மனுசன் தூங்க வேணாமா?"

அனுப்பிய கையோடு பயம் பிடித்துக்கொண்டது. உடனே அழித்துவிட்டு, தப்பித்தோம் என்று படுத்தேன்.

மறுநாள் பத்து மணிக்குச் சொல் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அக்கா போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். டீச்சரைக் கூப்பிட்டால் அவள் ஏதோ மழுப்பினாளாம். பேக்கரியில் பில் போடுகிற பெண்ணிடம் நைசாக விசாரித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அழிக்கிற அவசரத்தில் 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதை அழுத்தித் தொலைத்திருக்கிறேன். அக்கா போனில்தான் அது இல்லை. மற்றவர்கள் எல்லார் போனிலும் என் குரல் அப்படியே கிடக்கிறது.

அப்போதும் வாயைத் திறக்கவில்லை. தூங்குகிறவன் மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தேன்.

ஐந்தாம் நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா கேட்டாள்.

"தம்பி, நெசத்தச் சொல்லு. நான் வரையுறது அவ்வளவு கேவலமாவா இருக்கு? இல்ல, அந்த டெய்லர் மனசு நோகப் பேசிட்டேனா?"

"நீ ஒண்ணும் பண்ணலக்கா. நான்தான்." எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். போனை என் பக்கம் தள்ளினாள். "அவங்ககிட்ட சொல்லு."

டீச்சரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் குரலில் கோபமே இல்லை.

"நாங்க வேற குழு ஆரம்பிச்சுட்டோம் தம்பி. எங்களால உங்கக்காவுக்கு வீட்டுல பிரச்சனை வந்துடக் கூடாது பாருங்க. இந்த வயசுல அவங்க எங்க போவாங்க?"

அக்காவை நான் வெளியே தள்ளிவிடுவேன் என்று முப்பது பேர் பயந்திருக்கிறார்கள். என்னைப் பற்றி.

அன்றைக்கே அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடி வரைகிறாள். ஆனால் பத்து மணியானால் போனோடு மாடிப்படிக்குப் போய்விடுகிறாள். "இங்கயே உக்காந்து வரைக்கா, நான் தூங்கிக்குவேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"நீ படு" என்கிறாள். கதவையும் சாத்திவிட்டுப் போகிறாள்.