வெட்டிச் செலவில் சேர்ந்த ஏழு மீன்கள்

திரைச்சீலைக் கடையில் அவருக்குப் பெயர் அளவுக்காரர். வீடு வீடாகப் போய் ஜன்னல்களின் நீள அகலத்தை அளந்து, குறித்துக்கொண்டு வருவதுதான் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதையே செய்ததால், தெருவில் தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் அவர்கள் பெயருக்கு முன்னால் அவர்கள் வீட்டு ஜன்னல்தான் அவருக்கு நினைவு வரும். பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்கு அரை நிமிடம் கழித்துத்தான் பதில் வரும். அதற்குள் கேட்டவர் பாதித் தெரு போயிருப்பார்.

"உங்கப்பா இங்கதான் இருக்காரு, ஆனா இங்க இல்ல" என்று அவர் மனைவி மகளிடம் சொல்வாள்.

அப்படி அவர் எங்கேதான் இருந்தார் என்பது வீட்டில் இருவருக்கும் தெரியும். கூடத்துச் சுவரோரம் நான்கடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி. வேலை முடிந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டு, அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். கூடத்து விளக்கைப் போட மாட்டார். தொட்டியின் வெளிச்சம் மட்டும் அவர் முகத்திலும், சுவரிலும், மடித்து வைத்த துணிகள்மீதும் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே ஏழு மீன்கள். அவற்றில் பெரிய ஆரஞ்சு மீன் ஒரு வேலையும் செய்யாமல் மற்ற மீன்களைச் சுற்றிச் சுற்றிப் பார்வையிட்டுக்கொண்டே இருப்பதால், மகள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். அந்த ஒரு மணி நேரம் அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும், தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலத்தான் அவருக்குக் கேட்கும்.

அந்த வருடம் ஊரே ஆயத்தத் திரைகளுக்கு மாறிவிட்டது. பெட்டியில் வரும், பிரித்து மாட்டினால் போதும், அளக்க ஆள் வேண்டாம். கடை முதலாளி நல்ல மனிதர்தான், ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். மனைவிக்கு ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அந்தச் சம்பளத்தோடு இந்த அரைச் சம்பளத்தையும் சேர்த்தாலும், வாடகையும் மகள் படிப்பும் போக, மற்ற செலவு கையைக் கடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி மேசையைத் துடைத்துவிட்டு இருவரையும் உட்காரச் சொன்னாள்.

"இன்னையிலிருந்து வெட்டிச் செலவுக்கெல்லாம் வெட்டு."

"வெட்டிக்கே வெட்டாம்மா?" என்றாள் மகள்.

"சிரிக்கிறதுக்குச் செலவில்ல, சிரிச்சுக்கோ."

ஒவ்வொன்றாகப் போயின. யாரும் பார்க்காத எழுபது சேனல்கள். பிரிக்காமலே பழைய பேப்பர்காரருக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டாவது செய்தித்தாள். வெளியிலிருந்து வரவழைக்கும் சாப்பாடு. தவணையில் வாங்கிய ஓட்டப் பயிற்சி இயந்திரத்தில் இதுவரை ஓடியது யாருமில்லை, ஈரத் துணிகள்தான் அதன்மேல் தொங்கின. அதையும் விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. தொட்டியைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. இரவு பகலாக ஓடும் மோட்டார், விளக்கு, தீனி, மருந்து, மாதம் ஒருமுறை வந்து கழுவித் தருபவருக்குக் கூலி. மூவருக்கும் அது தெரியும்.

"மீன் தொட்டி இருக்கே" என்று அவரே சொன்னார்.

"நான் அதைச் சொல்லலைங்க."

"நீ சொல்லல. நான்தான் சொல்றேன்."

மேனேஜர் கண்ணாடியின் ஓரத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. "ஏதோ சொல்ல வர்றாரு" என்றாள் மகள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு பல் மருத்துவமனை. அங்கே ஜன்னல் அளக்கப் போனபோது, வருகிறவர்கள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நடுங்குகிறார்கள் என்று அந்த டாக்டரம்மா குறைப்பட்டிருந்தாள். தொட்டி வேண்டுமா என்று அவளிடம் கேட்டார், உடனே சம்மதித்தாள். தொட்டி வண்டியில் போயிற்று. மீன்களை அவர் வண்டியில் ஏற்றவில்லை. மூடியிட்ட வாளியில் விட்டு, தண்ணீர் தளும்பாமல், நடக்கிறாரா நிற்கிறாரா என்று தெரியாத வேகத்தில் தானே தூக்கிக்கொண்டு போனார். வழியில் பேருந்துகளும் மனிதர்களும் அவரைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போனார்கள். இடித்தவர்கள்கூட ஓசையில்லாமல் இடித்தது போலிருந்தது.

மோட்டார் சத்தம் என்று ஒன்று வீட்டில் இருந்ததே அது நின்ற பிறகுதான் மூவருக்கும் தெரிந்தது. பக்கத்து வீட்டில் டம்ளரில் கரண்டி சுற்றுவது கேட்டது. மூன்று மாலைகள் அவர் நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். நான்காம் நாள் வேலையில்லாத நாள். சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். கால்கள் அவரைக் கேட்காமலே இரண்டு தெரு கடந்துவிட்டன.

"பல்லு வலியா சார்?" என்றாள் வரவேற்பில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்.

அவர் யோசித்தார். "இல்ல... பார்க்கணும்."

அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பெயரையும் வீட்டுப் போன் எண்ணையும் வாங்கி எழுதி, கையில் ஒரு டோக்கனும் கொடுத்துவிட்டாள். எண் பதினொன்று. அவர் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். உள்ளேயிருந்து பல் குடையும் இயந்திரம் எங்கோ தொலைவில் வண்டு ரீங்காரமிடுவது போலக் கேட்டது. கன்னத்தில் கை வைத்தவர்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் மேனேஜர் போகிற பக்கமே போய், வருகிற பக்கமே வந்தது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாள் ஒருத்தி, வலியோடு வந்தவள், அவர் தோளில் சாய்ந்து தூங்கியே போனாள். பத்தாம் எண்ணைக் கூப்பிட்டதும் அவள் தலையை மெதுவாக நாற்காலி முதுகுக்கு மாற்றிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதன்பின் வேலையில்லாத நாளெல்லாம் இதே கதை. வரவேற்புப் பெண்ணுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. "பயப்படாதீங்க சார், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று தைரியம் சொல்லிப் பார்த்தாள். ஆறாவது தடவையும் அவர் முறை வருவதற்குள் நழுவியபோது, பொறுக்க முடியாமல் அன்று மாலை வீட்டுக்கே போன் செய்துவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் வந்து வந்து ஓடிப் போயிடறாரும்மா. பல்லு விஷயத்தைத் தள்ளிப் போடக் கூடாது."

மனைவிக்குச் சுருக்கென்றது. 'செலவுக்குப் பயந்துகிட்டுத்தான் சொல்லாம இருக்காரு' என்று நினைத்தாள். வெட்டு வெட்டு என்று சொன்ன தன் வாயையே நொந்துகொண்டாள். மறுநாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பள்ளியிலிருந்து நேரே மருத்துவமனைக்கு வந்தாள்.

வாசலில் நின்று பார்த்தாள். அவர் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டி வெளிச்சம் அவர் சட்டையில் மெல்ல மெல்ல ஆடியது. திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எங்கே போயினவோ. பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வந்தது யார் என்று அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஏழு மீன்களும் ஒரு சுற்று வந்துவிட்டன.

"எந்தப் பல்லுங்க?"

"என்ன?"

"எந்தப் பல்லு வலிக்குது? மறைக்காம சொல்லுங்க."

"எனக்கு ஒரு பல்லும் வலிக்கலையே."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து வந்து உட்கார்றீங்க?"

அவர் முகவாயால் தொட்டியைக் காட்டினார்.

அவளுக்குச் சிரிப்புப் பீறிட்டது. சிரித்த வேகத்திலேயே "ஆ" என்று கை கன்னத்துக்குப் போயிற்று. அப்போதுதான் அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். ஊரார் ஜன்னலில் கால் அங்குலக் கோணலைக் கண்ணாலேயே சொல்லிவிடுகிறவர். வலது கன்னம் இடதைவிட அரை அங்குலம் கூடுதலாக இருந்தது.

"உனக்கா?"

"அது ஒண்ணுமில்ல."

"எத்தனை நாளா?"

"மூணு மாசம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா செலவு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடலாம்னு பார்த்தேன்" என்றாள். பிறகு மெதுவாக, "அதையும் ஒரு பக்கமாத்தான் கடிக்க முடிஞ்சுது" என்றாள்.

உள்ளேயிருந்து பதினொன்று என்று கூப்பிட்டார்கள். அன்றும் அவர் கையிலிருந்த எண் அதுதான். அவர் எழுந்தார். வாசல் பக்கம் போகாமல், டோக்கனை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"போ."

"இப்ப வேண்டாங்க, அடுத்த மாசம்..."

"போன்னா போ!"

கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து அவள் கேட்டதில்லை. கன்னத்தில் கை வைத்திருந்தவர்கள் எல்லாரும் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பல்லும் போயிருக்கும், சீழ் எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கும் என்றாள் டாக்டரம்மா. நான்கு தடவை வர வேண்டும். கட்டணத்தைக் கேட்டதும் மனைவி நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள். அவரோ திறந்திருந்த கதவு வழியே தொட்டியின் மூலையைக் காட்டி, "தண்ணி பச்சையாகுது டாக்டர். கழுவி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

"அதைக் கழுவ வேற வேணுமா?" என்று டாக்டரம்மா திகைத்துப்போனாள். மீன்கள் தாமாகவே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தாளாம். அங்கேயே பேசி முடிந்தது. வியாழக்கிழமைதோறும் தொட்டியை அவர் பார்த்துக்கொள்வார், பல்லுக்கான கட்டணம் அதில் கழிந்துகொண்டே போகும்.

திரும்பி நடக்கும்போது மனைவியின் பாதி வாய் மரத்திருந்தது. அவள் ஏதேதோ திட்டிக்கொண்டு வந்தாள். சொற்களெல்லாம் ஓரம் நனைந்து, குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வெயில் சாய்ந்து தெரு முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. ஒரு வார்த்தையும் புரியாமல், எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு அவர் அவளோடு மெல்ல நடந்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை மனைவி வேறு மாதிரி கேட்டாள்.

"யார் யார் சொல்லாம எதை எதை விட்டீங்க? இப்பவே சொல்லிடணும்."

மகள் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து வைத்தாள். வகுப்போடு கடற்கரைக்குப் போவதற்குப் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய தாள்.

"எனக்குக் கடல்னாலே பிடிக்காதுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

"கடலை நீ பார்த்ததே இல்லையேடி" என்றாள் அம்மா.

"நீங்க எதை விட்டீங்கப்பா?"

"நான் எதையும் விடலையே" என்றார் அவர் கூச்சத்தோடு. "மீனைக்கூட விடல."

தாளில் கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஓட்டப் பயிற்சி இயந்திரம் விற்ற பணம் அப்படியே இருந்தது. அவர் பேனாவை எடுத்து, ஜன்னல் அளவு எழுதும் அதே திருத்தமான எழுத்தில் கையெழுத்திட்டார்.

கடையில் அவருக்கு வாரத்தில் நாலாவது நாள் வேலை திரும்பக் கிடைக்க ஒரு வருடம் ஆயிற்று. எழுபது சேனல்கள் திரும்பவே இல்லை. யாரும் அவற்றைத் தேடவுமில்லை. பல்லுக்கான கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளுக்கு டாக்டரம்மா அவருக்குச் சம்பளமே கொடுக்கத் தொடங்கினாள்.

அதற்கெல்லாம் முன்னால், மகள் கடலைப் பார்த்துவிட்டு வந்த மாலையில், மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து, காலணிக்குள் மணலோடு நின்றாள். அலை முதலில் பின்னால் போகும், போவது போலப் போய், நாம் அசந்த நேரத்தில் வரும் என்று கையால் காட்டினாள். கால் கழுவச் சொல்லக்கூட அம்மாவுக்குத் தோன்றவில்லை. "அப்புறம்?" என்றார் அவர் உடனே. மகள் கையை இன்னும் அகலமாக விரித்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.