இருபது சுற்று

என் மாமாவின் பாட்டுப் பெட்டிக்கு இருபது சுற்றுதான். இருபத்தொன்றாவது சுற்றை அவர் யாருக்கும் அனுமதித்ததில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. ஆனையூரில் சாலையோரமாகக் காப்பிக்கடை வைத்திருந்தார். கூட்டம் சேரட்டும் என்று மதுரையிலிருந்து பழைய கிராமபோன் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். வந்த புதிதில் கைப்பிடியை ஆசை தீரச் சுற்றியதில் உள்ளே இருந்த வில் அறுந்துபோனது. பெட்டியைத் தலையில் சுமந்து டவுனுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து வர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மாமா, அதற்குப் பிறகு வாய்விட்டு எண்ணித்தான் சுற்றுவார். இருபது வந்ததும் கையை எடுத்துவிடுவார்.

கடையில் நாலைந்து பிளேட்டுகள் இருந்தன. மற்றதெல்லாம் சின்னத் தட்டுகள், சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்று மட்டும் பெரிய தட்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து நாயனக்காரர் ஒருவர் வாசித்தது. நான் அதற்காகத்தான் கடைக்குப் போவேன். ஆரம்பத்தில் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளி ஓடும். கடைசியில்தான் அதிசயம். நாயனம் மெல்ல மெல்லத் தளர்ந்து, சத்தம் தடித்து, படிப்படியாகக் கிணற்றுக்குள் இறங்குகிறவரைப் போல ஆழத்துக்குப் போய் நிற்கும். தவிலும் கூடவே இறங்கும். அந்த இடம் வந்தால் நான் பெட்டியில் காதை ஒட்டிக்கொள்வேன்.

நான் வாய் திறக்காத பையன். வாத்தியார் பெயரைக் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் ஒரு சோளத்தட்டை கையில் கிடைத்துவிட்டால் கன்னத்தை உப்பிக்கொண்டு, தட்டையில் விரலை ஓட்டி, வாயாலேயே அந்தப் பிளேட்டை முழுவதும் வாசிப்பேன். கடைசி இறக்கத்தை மட்டும் இரண்டு தடவை வாசிப்பேன்.

மாமாவின் மகன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவனுக்கு இதைக் கண்டாலே சிரிப்பு.

“மாப்ள, அது வாசிப்பு இல்லடா. பெட்டி தூங்கி விழுகுது.”

“இல்ல மச்சான். அவரு வேணும்னுதேன் எறக்குறாரு.”

“நீ பாத்தியா?”

நான் பார்க்கவில்லைதான். அந்த வருஷம் தை மாதத்தில் பார்க்கும் வாய்ப்பு வந்தது. கோச்சடையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். அதே நாயனக்காரர் வருகிறார். காப்பி போடுவதற்கு மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கே எனக்கும் மச்சானுக்கும் பந்தயம் ஆனது. அவர் இறக்கி வாசித்தால் அவன் இனி என்னைக் கேலி செய்யக் கூடாது. வாசிக்காவிட்டால் நான் தட்டையை ஒடித்து ஆற்றில் போட்டுவிட வேண்டும். ஆயுசுக்கும் வாயால் நாயனம் வாசிக்கக் கூடாது.

விடிந்தும் விடியாமலும் வைகை மணலில் இறங்கிக் கணுக்கால் தண்ணீரைக் கடந்து போனோம். சோளத்தட்டை என் இடுப்பில் செருகியிருந்தது.

பந்தலில் அவரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவ்வளவு பெரிய சத்தத்துக்கு அவர் குள்ளமாக இருந்தார். காதில் கடுக்கன், முன்வழுக்கை. ஆனால் நாயனத்தை வாயில் வைத்ததும் பந்தலே சின்னதாகிவிட்டது. பெட்டிக்குள் இருந்தது அவருடைய நிழல்தான் என்று தோன்றியது. முகூர்த்தத்துக்கு முன்பே என் பாட்டை எடுத்தார். அதே துள்ளல், அதே ஓட்டம். நான் கண்ணை மூடிக்கொண்டு இறக்கத்துக்காகக் காத்திருந்தேன்.

இறக்கம் வரவில்லை. பாட்டு நட்ட கம்பம்போல நிமிர்ந்தே முடிந்தது.

மச்சான் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் கையை மட்டும் நீட்டினான். “குடு.”

“சாயந்தரம் வரைக்கும் பொறு மச்சான்.”

“அது வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்” என்று தட்டையைப் பிடுங்கிக்கொண்டான்.

பந்தி முடிந்து மேளக்காரர்கள் வேப்பமரத்தடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா பெருமைக்காரர். என் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் நாயனக்காரர் முன்னால் நிறுத்தினார்.

“உங்க பிளேட்ட என் மருமகன் அச்சு அசலா வாயிலேயே வாசிப்பான்ங்க.”

எனக்கு ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. ஏன் இறக்கவில்லை? அதைக் கேட்க எனக்கு வாய் வராது. வாசிக்கத்தான் வரும். தட்டையும் கையில் இல்லை. வெறும் விரல்களைக் காற்றில் ஓட்டி வாசித்தேன். கடைசியில், பெட்டி இறங்குகிற மாதிரியே கிணற்றின் அடிவரைக்கும் இறங்கினேன்.

தவில்காரருக்குச் சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது. நாயனக்காரர் சிரிக்கவில்லை. “கடைசியிலேருந்து இன்னொரு தடவை வாசி, தம்பி” என்றார். வாசித்தேன்.

“அந்த எடம் ஒனக்குப் பிடிக்குமா?”

தலையாட்டினேன்.

அவர் மாமா பக்கம் திரும்பினார். “பெட்டிக்கு எத்தனை சுத்து கொடுப்பீங்க?”

“இருபதுங்க. அதுக்கு மேல பிள்ளையாரே வந்து கேட்டாலும் கெடையாது.”

“அப்படியா” என்றார். நான் வாசித்ததை விட்டுவிட்டுப் பெட்டியைப் பற்றி விசாரிக்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

பொழுது சாயும்போது ஊர்வலம் கிளம்பியது. ஆற்றுப்பக்கம் திரும்புகிற இடத்தில் நாயனக்காரர் நின்று மறுபடி என் பாட்டை எடுத்தார். மச்சான் தட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஒடிக்கத் தயாராக நின்றான். பாட்டு முடிவுக்கு வந்தது. அப்போது அவர் உதட்டை மெல்லத் தளர்த்தினார். நாயனம் தடித்தது. ஒரு படி, இன்னொரு படி என்று இறங்கியது. தவில்காரர் திகைத்துப்போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தன் கையைத் தளர்த்திக் கூடவே இறங்கினார். சுருதிக்காக ஒத்து ஊதியவர் மட்டும் இறங்காமல் ஒரே சத்தத்தில் ஊதிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்குப் பழக்கம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் தட்டையை என்னிடம் நீட்டினான்.

மாமாவுக்கு வயதாகிக் கடையை மூடியபோது பெட்டியை எனக்குக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அவர் பக்கத்தில் இல்லாத தைரியத்தில் அந்தப் பெரிய பிளேட்டை வைத்து முப்பது சுற்றுச் சுற்றினேன். பாட்டு நட்ட கம்பம்போல நிமிர்ந்தே முடிந்தது. பிறகு இருபது மட்டும் சுற்றி மறுபடி வைத்தேன். நாயனம் கிணற்றுக்குள் இறங்கியது.

கல்யாணம் முடிந்து ஆற்றைக் கடந்து திரும்பியபோது இதெல்லாம் எனக்கு ஏது தெரியும்? தட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மச்சானுக்கு முன்னால் நடந்தேன். அன்றைக்குப் போல நான் பேசி அவன் கேட்டதே இல்லை.

“காலையில அவரு மறந்துட்டாரு மச்சான். நான் போயி வாசிச்சுக் காட்டவும்தேன் அவருக்கு ஞாபகம் வந்துச்சு.”