எங்கள் ஊரில் இப்படி இல்லை என்றேன்

இங்கே ஈப்போவில் ‘பாராங்’ என்றால் சாமான். கடைக்குப் போகிறவர்கள் பாராங் வாங்கப் போகிறேன் என்பார்கள். வீடு மாறுகிறவர்கள் பாராங் ஏற்ற லோரி தேடுவார்கள். தமிழ் வீடுகளிலும் இந்த மலாய்ச் சொல் வெகு இயல்பாகப் புழங்கும். தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் சில சொற்களில் அதுவும் ஒன்று. பதினெட்டு வருடமாக நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஒரு மாலை கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு காக் ரோஸ் வேலியருகே வந்து நின்றார். காக் என்றால் அக்கா. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிற, அதிகம் பேசாத மலாய்ப் பெண்மணி. தயங்கித் தயங்கி, “மீனா, அனாக் அவாக் மாயின் பாராங். ஜாகா-ஜாகா லா” என்றார். உன் பிள்ளை சாமானை வைத்து விளையாடுகிறாள், பார்த்துக்கொள் என்று எனக்குப் புரிந்தது. என் மகள் தர்ஷினிக்கு அப்போது பதினாறு வயது. அவர் வீட்டுப் பூந்தொட்டி எதையோ உடைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் உள்ளே போய், “அடுத்த வீட்டுச் சாமானைத் தொடாதேடி” என்று மகளைக் கண்டித்தேன். ஒரு நொடி அவள் முகம் வெளுத்தது. பிறகு “சரிம்மா” என்றாள். எதிர்த்துப் பேசாமல் அவள் சரி சொல்வதே அபூர்வம். பிள்ளை திருந்திவிட்டாள் என்று அன்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பாராங் என்றால் போதைப்பொருள். காக் ரோஸ் சொல்லி மூன்று மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் அதைத் தெரிந்துகொண்டேன்.

சமையலறைத் தரையில் தர்ஷினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னவோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நடுங்கத் தொடங்கினாள். கூப்பிட்டால் பதில் இல்லை. கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. என் கணவர் குமரேசன் அவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட்டினார். அவசரப் பிரிவில் இளம் மலாய் மருத்துவர் ஒருவர், “டியா ஆம்பில் ஆப்பா?” என்று கேட்டார். என்ன எடுத்தாள் என்ற கேள்வி. சாப்பாட்டைக் கேட்கிறார் என்று எண்ணி, “நாசி லெமாக், டாக்டர். காலையில ரெண்டு பொட்டலம்” என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். கூட சம்பலும் முட்டையும் இருந்தது என்று நானும் மறுபடியும் சொன்னேன். அருகில் நின்ற தமிழ்த் தாதி என் முழங்கையைத் தொட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அதக் கேக்கலக்கா. பாராங்க, அதான் போதப்பொருள, வேப்புல போட்டு இழுத்தாளா, மாத்திர எதும் போட்டாளான்னு கேக்குறாரு.” வேப் என்றால் புகை இழுக்கிற மின்சிகரெட். தர்ஷினியின் பள்ளிப்பையில் பேனா மாதிரி இருந்த பொருள் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அதிலிருந்து திராட்சை வாசம் வரும். மிட்டாய் வாசம் என்று நினைத்திருந்தேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தோம். பிறகு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கும் ஆலோசகரிடமும் அலைச்சல். கோயிலில் விசாரித்தவர்களிடம் டெங்கிக் காய்ச்சல் என்று சொன்னேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் தேவைப்பட்டது. வீட்டில் நான் போலீஸ்காரியாக மாறினேன். அவள் குளிக்கப் போனால் பையைக் கவிழ்ப்பேன், தலையணை உறையைக் கழற்றுவேன், காலணிக்குள் கைவிட்டுப் பார்ப்பேன். எதுவும் கிடைக்காத நாளில் நிம்மதி வரவில்லை. இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒளித்திருக்கிறாள் என்ற பயம்தான் வந்தது.

அந்த நாட்களில் என் வாயில் ஓயாமல் வந்த வாக்கியம், “எங்க ஊர்ல இப்படி இல்ல.” நான் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் தோழியோடு வேறு தெரு வழியாகச் சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். நான் வாசலில் இறங்குவதற்குள், டீக்கடைக்காரர் சொல்லி அப்பாவுக்குச் செய்தி தெரிந்திருந்தது. அப்போது எரிச்சலாக இருந்த அந்த நூறு கண்களும் இப்போது காவலாகத் தோன்றின. இங்கே வரிசை வீட்டில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் யார் அழுகிறார்கள் என்று தெரியாது. இந்த மண்தான் என் பிள்ளையைக் கெடுத்தது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அதோடும் நிறுத்தவில்லை. குமரேசன் ஆயர் தாவாருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே இப்போது எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள் நிற்கின்றன. அவர்கள் குடியிருந்த லயத்தின், தொழிலாளர் வரிசை வீடுகளின், சுவர்கூட மிச்சமில்லை. ஒருநாள் வாக்குவாதம் முற்றியபோது, “எல்லாம் உங்க தோட்டத்து ரத்தம்” என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

“எங்கப்பா சம்சு குடிச்சுத்தான் செத்தாரு, மீனா” என்றார். சம்சு என்பது அந்தக் காலத்துத் தோட்டங்களைச் சூறையாடிய மலிவுச் சாராயம். “லயத்துல எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் வாயத் தொறந்து பேசல. எங்கம்மா பக்கத்து வீட்டுல கூட சொல்லல. நீயும் இப்ப அதான் செய்யுற. டெங்கின்னு சொல்லிக்கிட்டு இருக்க.”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த வாரமே, மகளை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று நானாக முடிவெடுத்தேன். என் அண்ணனும் அண்ணியும் தேவகோட்டையில் இருக்கிறார்கள். அவர்கள் மகன் கார்த்திக்கு தர்ஷினியைவிட ஒரு வயது அதிகம். கூடப்பிறந்தவன் மாதிரி பார்த்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டேன். இதை அவளிடம் சொன்னபோது அவள் அழவில்லை.

“அது உங்க ஊரும்மா. அங்க நான் போனா கெஸ்ட்லா. எனக்கு இதான் ஊரு. என்னைய சரி பண்ண முடியலன்னா சொல்லுங்க, ஏன் தூக்கிப் போடுறீங்க?”

அதே மாலை காக் ரோஸ் மூடிபோட்ட ஒரு பாத்திரத்தோடு வந்தார். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, அன்று வேலியருகே சொன்னது என்ன என்பதை இந்த முறை எனக்குப் புரியும்படி எளிய மலாயில் நிதானமாக விளக்கினார். தன் இரண்டாவது மகனும் இதில் சிக்கியவன், அதனால்தான் அந்த வாசம் தனக்குத் தெரிந்தது என்றார். சிம்பாங் பூலாய் தாண்டி ஒரு பழைய தோட்டத்தின் மருந்தகக் கட்டடத்தில், ஞாயிறு காலைகளில் இப்படிப்பட்ட பெற்றோர் சிலர் கூடிப் பேசுவார்கள். நீயும் வா என்று கூப்பிட்டார். தேவையில்லை, பிள்ளையை இந்தியாவுக்கு அனுப்பப்போகிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றே அண்ணனுக்குப் போன் செய்தேன். காரணத்தை மறைத்து, “தர்ஷினி அங்க வந்து படிக்கட்டும்ண்ணே. நம்ம ஊரு ஒழுக்கத்துல வளரட்டும்” என்றேன். அண்ணன் எப்போதும் என் பேச்சு முடிவதற்குள் பதில் சொல்கிறவர். அன்று இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

“வேணாம்த்தா” என்றார் கடைசியில். “இப்ப இங்க அனுப்பாத.” அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

எனக்குக் கோபமும் அவமானமும் பொங்கின. கட்டிக்கொடுத்து அனுப்பியதோடு சரி, என் பிள்ளைக்கு ஒரு அறைகூட இல்லையா என்று குமரேசனிடம் புலம்பினேன். மறுநாள் மதியம் அண்ணி கூப்பிட்டாள். மொட்டைமாடியில் நின்று பேசுகிறாள் என்பது காற்றின் இரைச்சலில் தெரிந்தது.

“மீனா, ஒங்க அண்ணன் அழுதுக்கிட்டே கெடக்காக. தப்பா நெனைக்காத. கார்த்தி மதுரையில ஒரு எடத்துல இருக்கான். மாத்திரை. பத்தாவதுலயே ஆரம்பிச்சுருக்கான், எங்களுக்குத் தெரியல. ஊருல எல்லாருகிட்டயும் கோச்சிங் கிளாஸ் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கோம். ஒன் பொண்ணு வந்து இதையெல்லாம் பாக்க வேணாம்னுதான்…”

டெங்கியும் கோச்சிங் வகுப்பும். கடலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அத்தனை கண்கள் உள்ள தெருவில் ஒரு பிள்ளை யார் கண்ணிலும் படாமல் மூழ்கியிருக்கிறான். கண்ணில் பட்டிருந்தாலும், வந்து சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. இங்கே என் மொழிகூடத் தெரியாத ஒருத்தி வேலிவரை நடந்து வந்து சொன்னாள். “அண்ணி, தர்ஷினியும்…” என்று ஆரம்பித்தேன். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடி அழுதோம்.

அந்த ஞாயிறு காக் ரோஸின் காரில் போனேன். சுற்றிலும் செம்பனை, நடுவே தகரக் கூரை போட்ட பழைய மருந்தகம். பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. எட்டு ஒன்பது பேர் இருப்பார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர். கூட்டத்தை நடத்துபவர் பரமேஸ்வரி அக்கா. அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த குடும்பம். இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவருடைய மகன் ஐந்து வருடம் போதையை விடுவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்து, இப்போது பாகான் செராயில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்கிறான். “இன்னைக்கு நல்லா இருக்கான். நாளைக்குத் தெரியாது” என்று அவனைப் பற்றிச் சொன்னார்.

என் முறை வந்தது. பேச ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பையைச் சோதிப்பது, தலையணை உறையைக் கழற்றுவது, ஊருக்கு அனுப்ப நினைத்தது எல்லாவற்றையும் கொட்டினேன். நான் எங்கே தவறினேன் என்று கேட்டேன்.

“அது எங்களுக்கும் தெரியலம்மா” என்றார் பரமேஸ்வரி அக்கா. “நானும் சட்டப் பையெல்லாம் தேடுனவதான். பாராங் கெடைக்கும், பிள்ள கெடைக்க மாட்டான். டாக்டர் சொல்றத விடாம செய்யி. அதுக்கு மேல, தெனம் ஒரு வேள அவகூட உக்காந்து சாப்புடு. இதப் பத்திப் பேசாத. சும்மா சாப்புடு.”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏதோ பெரிய வழி சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து, முதலில் குமரேசனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் “சரி விடு” என்றாரே தவிர, முகம் தெளியப் பல நாள் ஆயிற்று. தர்ஷினியோடு சாப்பிட உட்கார்ந்தேன். முதல் வாரம் கரண்டிச் சத்தம் மட்டும்தான். மூன்றாவது வாரம், “மா, சம்பல்ல இன்னிக்கி உப்பு இல்ல” என்றாள். அன்று நான் கைகழுவும் இடத்தில் போய் நின்று அழுதேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடுவில் ஒருமுறை அவள் மறுபடியும் வழுக்கினாள். ஆனால் இந்த முறை அவளே வந்து சொன்னாள். கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவளுடன் மருத்துவமனைக்குப் போனேன். அதற்குப் பிறகு ஐந்து மாதமாகிறது. ஒவ்வொரு நாளும் பள்ளிப் பேருந்து வந்து நிற்கும்வரை நான் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் அண்ணியிடம், நீயும் இந்தக் கூட்டத்தில் பேசு, போனிலேயே வா என்றேன். “அங்க யாருக்கும் நம்மளத் தெரியாதுல்ல?” என்று மூன்று முறை கேட்டாள். யாருக்கும் தெரியாது என்றேன். பிறந்த தெருவில் வாய் திறக்க முடியாதவளுக்கு, பார்த்தேயிராத ஒரு நாடு பேச இடம் கொடுத்தது. போன ஞாயிறு, இங்கே பத்து மணி. அங்கே விடிந்து ஏழரை. எனக்கு வலப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போனைச் சாய்த்து நிறுத்தினோம். திரையில் அண்ணி, வாசல் தெளித்த ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி, வட்டத்தில் ஒருத்தியாக உட்கார்ந்தாள்.

“நாங்க எங்க தப்புப் பண்ணுனோம்னு தெரியலைங்க” என்று தொடங்கினாள். அதை மலாயில் சொல்ல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நம் மொழியில் நாங்கள், நாம் என்று இருப்பது போலவே மலாயிலும் இரண்டு விதம் உண்டு: கேட்பவரைச் சேர்க்காமல் ‘காமி’, சேர்த்துக்கொண்டு ‘கீத்தா’. காமி என்று வாயெடுத்தேன். அப்படியென்றால் நான் அண்ணியோடு சேர்ந்து இந்த வட்டத்துக்கு வெளியே போய்விடுவேன். அவர்கள் என்று சொன்னாலோ, நான் இங்கே உட்கார்ந்துகொண்டு பிறந்த வீட்டைத் தள்ளி வைத்ததாகிவிடும். கீத்தா என்றாலோ, இங்கிருக்கும் எல்லோரையும் தப்புச் செய்தவர்களாக்கியதாகிவிடும். போனில் அண்ணி அழ ஆரம்பித்திருந்தாள். என் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் காக் ரோஸ் எழுந்து வந்தார். மூலையில் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்து, அந்த நாற்காலியில், போனுக்கு முன்னால், அண்ணிக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தார். அங்கே அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டேன்.