காயத்து மஞ்சள்

எங்கள் வீட்டு வளைவு வந்ததும் மருதை அண்ணன் வண்டியை நிறுத்துவார். இறங்கி, இரண்டு மாட்டின் கழுத்து மணிக்குள்ளும் கந்தலைத் திணிப்பார். கரும்பு ஏற்றிய வண்டி சக்கரம் முனகும் சத்தத்தோடு மட்டும் எங்கள் வேலியைக் கடக்கும். மூங்கில் புதர் தாண்டிய பிறகுதான் மறுபடி மணி கேட்கும். என் மகனுக்கு அம்மை போட்டிருந்த நாட்கள் அவை. ஜன்னல் இடுக்கில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிற்பாடு அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "மணியா? அது என்னமோ அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு தங்கச்சி" என்று சொல்லி மாட்டை முடுக்கிவிட்டார்.

ஓரிடத்தில் நிற்காத மனிதர். சொந்தமாக ஒரு துண்டு கரும்புக் காணி உண்டு. மற்றபடி சிறு தோட்டக்காரர்களின் கரும்பை ஆலைக்கு ஏற்றிப் போகும் வண்டிக்காரர். சோற்றைக்கூட வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றபடிதான் சாப்பிடுவார். வழியில் கல்லைக் கண்டால் சாட்டைக் கம்பால் ஒரு தட்டு. நரைத்த தலையைக் கண்டால் வண்டி தானாக நிற்கும்.

"பெரியவரே, எங்கப்பா அம்மனை வெட்டினதை நீங்க கண்ணால பாத்தீங்களா, காதால கேட்டீங்களா?"

"எல்லாரும் சொன்னாங்க, மருதை."

"எல்லாரும்னா யாரு? ஒரு பேரு சொல்லுங்க."

பேர் யாருக்கும் தெரியாது. அவருடைய சம்சாரம் பூங்காவனம் அண்ணியே கேலி செய்வார்: "மாடு ரெண்டும் ஆலைக்குப் போவுது. ஓட்டுறவர்தான் எங்க போறார்னு தெரியல."

அவர் எதைத் தேடிப் போகிறார் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் ஊர் மாரியம்மன் சுயம்பு. இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்த எங்கள் பெரியவர்கள் தோட்டத்துத் தரிசைத் திருத்தும்போது ஒருவருடைய மண்வெட்டி மண்ணுக்குள் அம்மன் தலையில் பட்டதாம். இரத்தம் வந்ததாம். அந்த வாரமே கூலிகள் குடியிருந்த லயத்தில் அம்மை கண்டது. வெட்டியவரே முதலில் போனார். அவர் பெயர் வீரசாமி. மருதை அண்ணனின் தகப்பனார்.

அம்மன் தலையில் அந்தக் காயம் இன்றும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பூசாரி ராமச்சந்திரன் அதில் மஞ்சளைக் குழைத்து வைப்பார். அம்மை கண்ட வீட்டுக்கு அந்த மஞ்சள்தான் மருந்து. அதை எல்லோரும் வாங்கலாம், வீரசாமி குடும்பம் தவிர. அவர்கள் கோவில் வேப்பமரத்துக்கு இந்தப்பக்கமே நின்று கும்பிட வேண்டும். காப்புக் கட்டக் கூடாது, கரகம் தொடக் கூடாது. மருதை அண்ணனின் மகள் அலமேலுவை அக்கம்பக்கத்தில் யாரும் கட்டவில்லை; ரோஸ் ஹில் பட்டணத்தில், இந்தக் கதை தெரியாத இடத்தில் கொடுத்தார்கள்.

ஒருநாள் மருதை அண்ணன் என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, நீ அபிசேகம் பாத்திருக்கியே. காயம் எப்படி இருக்கு? நேராவா, சாய்வாவா?"

பக்தியில் கேட்கிறார் என்று நினைத்தேன். உள்ளங்கையில் விரலால் சாய்வாக ஒரு கோடு போட்டுக் காட்டினேன். கல் முழங்கால் உயரம், பட்டுக்குள் நாலு பக்கமும் சதுரம் என்றும் சொன்னேன். அதே கோட்டைச் சாட்டைக் கம்பால் மண்ணில் போட்டுப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆலை இருந்தது எதிர்த்திசையில்.

போனது செமின் கிரனியே என்ற ஊருக்கு. அங்கே ஃப்ரான்சிஸ் என்ற கிரியோல் கிழவர் இருக்கிறார். வாலிபத்தில், நிலம் அளக்கும் துரைக்கு அளவுச் சங்கிலி பிடித்தவர். இவர் கல்லை வர்ணித்ததும் அந்தக் கிழவர் பொக்கை வாயால் சிரித்தாராம்.

"பே, மார்தே! சா என் போர்ன்!"

'அட, இது ஒரு போர்ன்' என்றிருக்கிறார்; போர்ன் என்றால் எல்லைக்கல். அந்தச் சாய்வு வெட்டு, கல் தச்சன் உளியால் போட்ட அடையாளம். பழைய தோட்டத்தின் மூலைக்கு ஒன்றாக நாலு கல் நட்டார்கள். பிறகு எல்லை மாறிப்போனது, கல்லை மண் மூடியது. கிழவர் வண்டியில் கூடவே வந்து, எங்கள் ஆலைப் பாதை ஓரத்தில் புல்லை விலக்கி இன்னொரு கல்லையும் காட்டினாராம். அதே உயரம், அதே சதுரம், தலையில் அதே வெட்டு.

இதையெல்லாம் ரொம்பப் பிற்பாடு, என் மகன் தேறிய பிறகு, என்னிடம் சொல்லும்போது நெற்றியில் அடித்துக்கொண்டார். "காத்ர் போர்ன், காத்ர் போர்ன்னு ஆயுசு பூரா சொன்ன வாயி இது. அந்த ஊருச் சந்தைக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! நாலு எல்லைக்கல்லுன்னு அர்த்தமாம். ஒரு நாளாவது யாரையும் கேட்டேனா, தங்கச்சி?"

அவர் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் துரை எந்தக் கல்லையும் எங்கேயும் நடட்டும். எதில் வந்து உட்காருவது என்று அம்மன் அவரையா கேட்பாள்? என் நம்பிக்கை அவ்வளவுதான். அவருடைய பாடு வேறு. தகப்பனார் வெட்டவில்லை. அதை ஊர் கேட்கச் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கல்லைப் பார்த்த அடுத்த வெள்ளிக்கிழமை அதற்கென்றே வெளுத்த வேட்டி கட்டிக் கோவிலுக்குப் போயிருக்கிறார். வேப்பமரத்தடியில் நின்று தொண்டையைச் செருமியிருக்கிறார். அப்போது உள்ளே ஒருத்தி ஈரப்புடவையோடு தரையில் விழுந்து கிடந்தாள். பூசாரி காயத்திலிருந்து வழித்துக் கொடுத்த மஞ்சளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "தாயே, உன் காயம் ஆறின மாதிரி என் பிள்ளைக்கும் ஆத்திடு" என்று அழுதாள். அவர் வாய் திறக்காமல் திரும்பிவிட்டார்.

அந்த ஒருத்தி நான்தான். மணிக்குள் கந்தலைத் திணித்தது மறுநாளிலிருந்து.

"சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றேன், மகன் எழுந்து நடமாடிய பிறகு.

"சொல்லி? நீ கையில வச்சிருந்தது வெறும் மஞ்சளாப் போயிருக்கும்."

நான் பத்திரிகைக்கு எழுதுவது அவருக்குத் தெரியும். ஊர்ப் பெயர் போடாதே என்றார். போடவில்லை. "எங்கப்பா பேரை மட்டும் போடு" என்றார். போட்டிருக்கிறேன்.

இப்போது அவர் ரோஸ் ஹில்லில் மகள் வீட்டோடு இருக்கிறார். அங்கேயும் தெருத்தெருவாக நடக்கிறார் என்று கேள்வி. கடைசியாக நான் பார்த்தது அவர் புறப்படுவதற்கு முந்திய நாள், ஆலைப் பாதையில். வண்டி ஓரமாக நின்றது. மாட்டு மணி அடைத்திருந்தது. புல்லுக்குள் அந்த இன்னொரு கல்லின் முன்னால் மருதை அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தரையில் உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. தேங்காய் ஓட்டில் மஞ்சளைக் குழைத்து, கல்லின் வெட்டுக்குள் ஒற்றை விரலால் மெள்ள மெள்ள நிரப்பிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு வலிக்குமோ என்று மருந்து போடுகிறவர் மாதிரி.

"இதைத் தொட யாரையும் கேக்க வேண்டியதில்லே, பாரு" என்றார்.

நான் கல்லைக் கும்பிட்டேன். பிறகு அவர் முன்னால் கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அவர் வீட்டுக் கையிலிருந்து அதுவரை எவரும் மஞ்சள் வாங்கியதில்லை. வெட்டிலிருந்து ஒரு விரல் வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். விரலை உடனே எடுக்கவில்லை.

"பிள்ளை நெத்தியில வச்சு விடு. வீட்ல யாராவது, இது யார் குடுத்ததுன்னு கேட்டா, காயத்து மஞ்சள்னு மட்டும் சொல்லு."