முட்டைக்குப் பதில் எலுமிச்சை

முப்பிடாதி இலஞ்சித் தோப்பில் சோப்புக் காய்ச்சியது 1931-இல், தையிலிருந்து ஆடி வரை, ஏழே மாதம். அவளைப் பற்றிச் சொல்ல அந்த ஏழு மாதம் போதும்.

தேயிலைத் தோட்டத்தில் புருஷன் காய்ச்சலில் செத்த பிறகு மலையிறங்கி வந்தவள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பாத்திரம் கழுவியபோது நர்ஸம்மா சோப்புக் காய்ச்சுவதைப் பார்த்துப் படித்துக்கொண்டாள். அடியில் ஓட்டை போட்ட பானையில் தென்னைமட்டைச் சாம்பலை அமுக்கி, மேலே தண்ணீர் ஊற்றுவாள். சொட்டுச் சொட்டாக இறங்கும் காரத்தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்து தெளிய வைப்பாள். அதைத் தேங்காயெண்ணெயில் விட்டுக் காய்ச்சி, கடைசியில் கல்லுப்புப் போட்டால் சோப்பு திரண்டு மேலே வரும். கொஞ்சம் கடலைமாவு, கொஞ்சம் மஞ்சள். எல்லாம் அடுப்படிச் சாமான்தான்.

அன்னியத் துணியை விலக்கியதுபோல அன்னியச் சோப்பையும் விலக்குவது என்று தென்காசியில் ஒரு சுதேசிச் சங்கம் கிளம்பியது. தலைவர் சிவசைலம், கறிக்கடை இருக்கிற தெருவழியே நடக்காத சைவர். காரியதரிசி தாணுமாலயன், எதற்கெடுத்தாலும் தீர்மானம் எழுதுகிறவர். இலஞ்சித் தோப்பில் சங்கம் போட்ட கொட்டகையில் சோப்புக் காய்ச்சித் தரக் கேட்டு, இரண்டு பேரும் அவள் குடிசைக்கே வந்து நின்றார்கள்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "எம்மவ தங்கத்தாய் சொரண்டையில ஒரு யாவாரி வீட்டுல எச்சிப் பாத்திரம் தேய்க்கா அண்ணாச்சி. பதிமூணு வயசு. அவளை இங்கன கூட்டியாந்து எங்கூட வச்சுக்கிடணும்."

"குத்தால சீசன்ல சோப்பு நல்லாப் போவட்டும்ட்டி. கொட்டகைக்குப் பின்னால ஒரு அறை கெட்டித் தாரேன். ஆத்தாளுக்கும் மவளுக்கும் வேலை," என்றார் சிவசைலம்.

முதல் கொப்பரையை அடுப்பில் ஏற்றிய அன்றே வினை வந்தது. காரத்தண்ணீர்ப் பானையை எட்டிப் பார்த்த சிவசைலம் முகம் சுளித்தார்.

"என்னட்டி அது மெதக்குது?"

"முட்டை, அண்ணாச்சி. காரம் பதமா இருக்கான்னு பாக்கேன். முங்கிட்டுன்னா காரம் பத்தாது. ஒத்த ரூவாத் துட்டு அகலம் வெளிய தெரிஞ்சா சரி. அதுக்கு மேல தூக்கிட்டுன்னா தோலை உரிச்சிரும்."

"சைவக்காரன் மேலுக்குத் தேய்க்கிற சோப்புல கோழிமுட்டையா?"

"சோப்புல போடல. மெதக்க விட்டுட்டு எடுத்துருவேன். வேணும்னா நீங்களே எடுத்துக்கிடுங்க."

தாணுமாலயன் சிரித்துவிட்டார். சிவசைலம் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது: இனி முட்டைக்குப் பதில் எலுமிச்சம்பழம். கோயிலுக்கே ஆகிற சுத்தமான பழம்.

மறுநாள் அவர்கள் கண்முன்னாலேயே முப்பிடாதி எலுமிச்சையைக் கிணற்று வாளியில் போட்டாள். அது மிதந்தது.

"பாருங்க. வெறுந் தண்ணிலயே மெதக்கு. இது காரத்தைப் பத்தி என்னத்தச் சொல்லும்?"

"நீ சொல்லுதது வாஸ்தவந்தான் முப்பிடாதி. ஆனா மினிட்டுப் புஸ்தகத்துல ஏறிட்டே," என்றார் தாணுமாலயன்.

"வீட்டுல நிக்கிற கோழியளையும் வித்துப்போடு. கொட்டகைக்கு வாரவ கை சுத்தமா இருக்கணும்," என்றார் தலைவர்.

கோழிகளை விற்றாள். பின்பக்கத்து அறைக்கு அஸ்திவார வானம் தோண்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டுதான் விற்றாள்.

அதன் பிறகு நாக்குதான் அவளுக்கு முட்டை. ஆள் இல்லாத நேரம் பார்த்து, நுனிநாக்கில் ஒரு சொட்டு. சுருக்கென்று கடித்தால் பதம். தீயாய்க் காந்தினால் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஒருவரிடமும் சொல்லவில்லை. முட்டையே ஆகாது என்கிறவர்கள் எச்சில் விரலை விடுவார்களா? மாசி, பங்குனி, சித்திரை என்று நாற்பது கொப்பரைக்கு மேல் இறக்கினாள். நாக்கு உரிந்தது, ஆறியது, மறுபடி உரிந்தது. ஆறின கஞ்சியைத்தான் குடிக்க முடிந்தது. இதற்குள் அறைக்குச் சுவர் எழும்பியிருந்தது.

ஆனியில் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் கூட்டம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போகிறவர்கள் சங்கத்துச் சோப்பை அள்ளிக்கொண்டு போனார்கள். கூடை சுமந்து விற்ற ஆதம், ஒரு நாளைக்கு நாலு தடவை சோப்புக்கு வந்து நின்றான்.

ஆடி பிறந்த வாரம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். நாக்கில் ஒன்றுமே தெரியவில்லை. இன்னொரு சொட்டு வைத்தாள். அதுவும் தெரியவில்லை. நாக்கு செத்துப்போனது அவளுக்குப் புரியவில்லை. காரம் போதாது என்று நினைத்து, காரத்தண்ணீரை இன்னும் சுண்டக் காய்ச்சி எண்ணெயில் விட்டாள்.

மூன்றாம் நாள் ஆதம் வெறுங்கூடையோடு வந்தான். "யக்கா, மதுரையில இருந்து வந்த வக்கீலு முதுகு பழுத்த தக்காளி கணக்கா ஆயிட்டு. பொம்பளையாளு ரெண்டு பேருக்குக் கையெல்லாம் கொப்புளம். கூடையப் பிடுங்கி ஆத்துல கொட்டிட்டானுவ."

கமிட்டி கூடியது. "கள்ளத்தனமா முட்டையைப் போட்டிருக்கா. அதான் இப்படி," என்றார் சிவசைலம்.

"முட்டை போடல. போட்டிருந்தா இது நடந்தே இருக்காது. நாக்குல வச்சுத்தான் பாத்தேன்," என்று முப்பிடாதி வாயைத் திறந்து காட்டினாள். நாக்கு சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்துக் கிடந்தது.

சிவசைலம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எச்சி நாக்கா? இத்தனை நாளும் உன் எச்சியத்தான் ஊரு தேய்ச்சிக் குளிச்சுதா?"

சோப்பையெல்லாம் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவளை வேலையை விட்டு நிறுத்த ஒற்றை வரியில் ஒரு தீர்மானம். தாணுமாலயன் தலை நிமிராமல் எழுதினார்.

சங்கம் நிற்கவில்லை. காரம் அளக்க மெட்ராசிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய் வரவழைத்தார்கள். சீமையில் செய்த சாமான். சுதேசிச் சோப்புக்கு அது ஆகும், கோழிமுட்டைதான் ஆகாது. சோப்புக் காகிதத்தில் எலுமிச்சம்பழப் படம் போட்டார்கள்.

ஆவணியில் ஒரு நாள் லீவு வாங்கித் தங்கத்தாய் வந்தாள். முப்பிடாதி கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

"உப்பு சரியா இருக்காட்டி?"

"இருக்கும்மா."

பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிட்டது. எழுந்துபோய் மூன்று செம்பு தண்ணீர் குடித்தது. முப்பிடாதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சுரண்டைக்கு வண்டி பிடிக்க நடந்தார்கள். தோப்பு வந்ததும் தங்கத்தாய் நின்றாள். கொட்டகைக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட புது அறை தெரிந்தது.

"கெட்டி முடிச்சாச்சே. நான் எப்பம்மா வரணும்?"

"அதுல சுண்ணாம்பு மூடை அடுக்கி வச்சிருக்காவ," என்றாள் முப்பிடாதி. "வண்டி போயிரும். வெரசா நட."